தட்டவும்

ஜூன் 2, திங்கள்

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னவன். எண்பத்தேழில், தியேட்டர் ஆபரேட்டர் ரூமில் ரீல் மாற்றிக்கொண்டே மேனேஜரிடம் சொன்னேன்: "ஒரு காலம் வருமுங்க. திரையில வர்றவன் கழுத்தைப் பாக்கறவனே வெட்டுவான். காசு குடுத்து வெட்டுவான்." மேனேஜர் சிரித்தார். இன்று உயிரோடு இருந்தால் என் காலில் விழ வேண்டியிருக்கும். போய்ச் சேர்ந்துவிட்டார், அதனால் தப்பித்தார்.

விஷயம் இதுதான். என் தங்கச்சி மகள் கோகிலவாணி ஒரு வீடியோ கேம் செய்திருக்கிறாள். முப்பத்தெட்டு வயசு, கல்யாணமே வேண்டாம் என்று நிற்கிறவள். கம்ப்யூட்டருக்கு முன்னால் மூன்று வருஷம் உட்கார்ந்து படம் வரைந்து, கதை எழுதிச் செய்தது. பெயர் 'பன்னிரண்டு வீடு'. மில் தொழிலாளிகள் குடியிருந்த லைன் வீடுகள் வரிசையாகப் பன்னிரண்டு. வீட்டுக்கு ஒரு பிசாசு. அரிவாள் வைத்திருக்கும் ஒரு பொம்பளையாக நாம் வீடு வீடாகப் போய் அறுக்க வேண்டும். பதினெட்டு வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்.

அதை வெளியிடப் போகிற பீளமேட்டுக் கம்பெனி, முதலில் மூன்று பேரை உட்கார வைத்து விளையாடச் சொல்கிறது. எந்தக் காட்சி இருக்கலாம், எது ஆகாது என்று ஒவ்வொன்றுக்கும் பாரத்தில் தீர்ப்பு எழுத வேண்டும். மூவரில் இருவர் 'நீக்கவும்' என்றால் அந்தக் காட்சி போய்விடும். ஒருவர் அறுபது தாண்டியவராகவும் மில் லைனில் குடியிருந்தவராகவும் இருந்தால் நல்லது என்று கேட்டார்களாம். வாணி என் பெயரைக் கொடுத்திருக்கிறாள்.

"மாமா, ரத்தமெல்லாம் நெறைய வருமுங்க. பாத்துருவீங்களா?" என்றாள் போனில்.

"கண்ணு, உன்ற மாமன் சென்சார்ல வேலை பாத்தவன்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் சம்சாரம் பாக்கியம் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அறுந்த பிலிமை ஒட்டறதுக்குப் பேரு சென்சாருங்களா?"

ஒட்டும்போது நாலு பிரேம் குறையும். எந்த நாலு என்று முடிவு செய்தது யார்? நான். அதற்குப் பெயர் சென்சார் இல்லாமல் வேறென்ன? எட்டாவது பெயிலானவன் என்பதால் வீட்டில் மரியாதை இல்லை. கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. வார்டு ஆபீசில் போய்க் கத்திவிட்டு வந்தேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டது.

ஜூன் 4, புதன்

கம்பெனியில் ஏசி. குளிர் தாங்கவில்லை. பொறுப்பாளர் நிவேதா என்கிற பெண், என்னை "நஞ்சப்பன் சார்" என்று கூப்பிட்டது. மற்ற இருவர்: காலேஜில் சைக்காலஜி சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு புரொபசரம்மா, சட்டைக் கை கிழிகிற மாதிரி புஜம் வளர்த்த ஒரு ஜிம் வாத்தியார். ஆளுக்கொரு பெரிய டேப்லட், காதுக்கு ஹெட்போன், தனித்தனித் தடுப்பு.

விளையாடுவது சுலபம். திரையின் கீழே எழுத்து வரும். 'நடக்கத் தட்டவும்', 'வெட்டத் தட்டவும்', 'தொடரத் தட்டவும்'. விரலால் தட்டினால் ஆயிற்று. முதல் வீட்டில் ஒரு தலை, இரண்டாவது வீட்டில் மூன்று தலை. நாலாவது வீட்டில் குடலை எடுத்துக் கொடியில் காயப்போட்டிருந்தது ஒரு பிசாசு. புரொபசரம்மா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நான் ஒரு முறுக்குத் தின்றுகொண்டே பார்த்தேன்.

தீர்ப்பு எழுதினேன். ரத்தம் பீட்ரூட் நிறத்தில் இருக்கிறது, இன்னும் கருப்பு வேண்டும். தலை விழும் சத்தம் இளநீர் விழுகிற மாதிரி இருக்கிறது. மற்றபடி ஆறு வீட்டுக்கும் 'இருக்கட்டும்'. சினிமாவை நாற்பது வருஷம் ஆபரேட்டர் ரூம் ஓட்டையிலிருந்து பார்த்தவனுக்கு ரத்தம் ஒரு பொருட்டில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஜிம் வாத்தியார் என் வலது முன்கைத் தழும்பைப் பார்த்து, "என்னங் சார் இது?" என்றார்.

சொல்லாமல் இருக்க முடியுமா? தொண்ணூற்று நாலில் நாங்கள் சிங்காநல்லூர் பக்கம் மில் லைனில் ஆறாம் நம்பர் வீட்டில் இருந்தோம். ஏழாம் நம்பரில் என் தங்கச்சி ரங்கநாயகி. அவள் புருஷன் துரைசாமி ஞாயிற்றுக்கிழமையானால் கதவைத் தாழ்போட்டுவிட்டு அவளை அடிப்பான். நடுவில் ஒரே சுவர். ஒரு ஞாயிறு பகல் என்னால் பொறுக்க முடியவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். ஒரே குத்து. கதவு இரண்டாகப் பிளந்து விழுந்தது. மரச்சிம்பு கையில் ஏறியதையும் பார்க்காமல் அவன் சட்டையைப் பிடித்துத் தெருவில் இழுத்துப் போட்டேன். பன்னிரண்டு வீட்டுச் சனமும் பார்த்தது. அதற்கப்புறம் அவன் கை நீளவேயில்லை.

முன்பெல்லாம் தோளால் இடித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாக யோசித்துப் பார்த்ததில் கடப்பாரைதான்.

"நீங்க பண்ணுனது பெரிய விஷயமுங்க" என்று புரொபசரம்மா என் கையைப் பார்த்துச் சொன்னார். அவர் முகம் கழுவியதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஜூன் 5, வியாழன்

இந்தப் பெண்ணுக்கு என்ன தைரியம்.

கோபத்தில் எழுதுகிறேன். அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

ஏழாம் வீடு. வாசலுக்குப் போனதும் கையிலிருந்த அரிவாள் தானாக மறைந்துவிட்டது. பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு, அடியில் மழைத்தண்ணீர் பட்டு ஊறிய பலகை, சுண்ணாம்பில் எழுதிய 7. ஏழின் கால் கொஞ்சம் வளைந்திருக்கும். அதைக்கூட விடவில்லை. பிசாசு கிடையாது. ரத்தம் ஒரு சொட்டுக் கிடையாது. உள்ளேயிருந்து சத்தம் மட்டும். பாத்திரம் உருளுகிறது. ஒரு ஆம்பளைக் குரல். பெல்ட்டா, கையா, எதுவோ. ஒரு பொம்பளை, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி.

கீழே ஒரே வார்த்தை. 'தட்டவும்.'

மற்ற இடமெல்லாம் நடக்கத் தட்டவும், வெட்டத் தட்டவும் என்று விவரமாக எழுதியவளுக்கு இங்கே மட்டும் என்ன வந்தது? எதைத் தட்ட? திரையையா, கதவையா? ஒழுங்காக எழுத வேண்டாமா? நான் விரலை வைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ரேடியோ. பக்கத்து வீட்டிலிருந்து, சுவர் வழியாக வருகிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பகலில் சினிமா வசனத்தைப் போடுவார்களே, ஒலிச்சித்திரம், அது. முதலில் மெதுவாக. உள்ளே சத்தம் கூடக் கூட ரேடியோவும் கூடியது. கடைசியில் ரேடியோ மட்டும்தான் கேட்டது, காது கிழிகிற அளவுக்கு. திரை கருப்பாகிவிட்டது.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். வேகமாக வைத்தேன் என்று நிவேதா சொல்கிறது. வைத்தேன், அவ்வளவுதான்.

பாரத்தில் ஏழாம் வீட்டுக்கு எதிரே எழுத ஆரம்பித்து, இடம் போதாமல் தனித்தாளில் மூன்று பக்கம் எழுதினேன். ஒன்று, இது வக்கிரம். இரண்டு, குடும்ப விஷயத்தை விளையாட்டாக்குவது. மூன்று, ரேடியோ தேவையே இல்லாதது. பக்கத்து வீட்டுக்காரன் ரேடியோ கேட்டால் அது அவன் இஷ்டம். நாலு, சரித்திரப் பிழை. அந்தக் கதவு உடைக்கப்பட்டது. உடைத்தவன் உயிரோடு இருக்கிறான். தீர்ப்பு: நீக்கவும்.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் சொன்னேன். ரேடியோ வரை சொன்னேன். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். ரசத்தில் உப்பே இல்லை.

ஜூன் 6, வெள்ளி

மிச்சம் ஐந்து வீட்டையும் முடித்தோம். கண்ணைப் பிடுங்குகிற பிசாசு ஒன்று, அற்புதம். எல்லாவற்றுக்கும் 'இருக்கட்டும்'.

மத்தியானம் மூவரும் சேர்ந்து பேசுகிற கூட்டம். ஏழாம் வீடு வந்ததும் ஜிம் வாத்தியார், "அது போருங்க. ஆனா இருக்கட்டும்" என்றார். புரொபசரம்மா நீக்கச் சொன்னார்.

"தட்டுனதும் அந்தாளு கதவை ஒரு சாண் திறந்து 'என்ன?'ங்கறான். பின்னால ஒரு குழந்தை நின்னு நம்மளைப் பாக்குது. மத்த தலையெல்லாம் பொம்மை. அந்தக் குழந்தை பொம்மையில்லைங்க. அனுபவிச்சவங்க பாத்தா தாங்காது" என்றார்.

"ரேடியோவைச் சொல்லுங்க" என்றேன். "அதுதான் பெரிய அக்கிரமம்."

"எந்த ரேடியோ?" என்றார் புரொபசரம்மா.

ஜிம் வாத்தியாரும் தலையாட்டினார். "ரேடியோ ஒண்ணும் வரலீங்களே."

காது கேட்காத கூட்டத்தோடு என்னைச் சேர்த்துவிட்டார்களே என்று இருந்தது. விவரமாகச் சொன்னேன். நிவேதா மடிக்கணினியைப் பார்த்தது. ஒவ்வொருவரும் எங்கே எத்தனை நேரம் நின்றார்கள் என்று அதில் ஏறிவிடுமாம். இதை முன்கூட்டிச் சொன்னார்களா? சொல்லவில்லை.

"மேடம் நாலு செகண்ட்ல தட்டிட்டாங்க. இவர் ரெண்டு செகண்ட். தட்டுனா உள்ள சத்தம் உடனே நின்னுரும், கதவு திறக்கும், அடுத்த வீட்டுக்குப் போயிரலாம்." மறுபடி மடிக்கணினியைப் பார்த்தது. "நீங்க பதினொரு நிமிஷம் நின்னிருக்கீங்க சார். தட்டவேயில்ல. தட்டாம நின்னா மட்டுந்தான் ரேடியோ வருமாட்ட இருக்குது."

முறுக்குப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"எழுத்து தெளிவா இல்லீங்க" என்றேன். "தட்டவும்னா எதைன்னு போடோணும்."

"எதைன்னாலும் தட்டியிருக்கலாமுங்களே சார்" என்றார் ஜிம் வாத்தியார். கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஒன்றுக்கு ஒன்று ஆகிவிட்டதால் என் தீர்ப்புதான் முடிவு. திங்கட்கிழமைக்குள் யோசித்துப் பாரத்தை முடித்துக் கொடுங்கள் என்றது நிவேதா. யோசிக்க ஒன்றுமில்லை என்றேன். இருந்தாலும் பாரத்தைக் கையில் கொடுத்தனுப்பிவிட்டது.

ஜூன் 7, சனி

காலையில் வாணி வந்தாள். வெறுங்கையோடு வராமல் தேன்மிட்டாய் வாங்கி வந்தாள். அந்த நாகரிகமெல்லாம் என்னிடம் கற்றது.

நான் சுற்றி வளைக்கவில்லை. "உன்ற ஏழாம் வீட்டை எடுத்துப்போடச் சொல்லப் போறேன்" என்றேன்.

"அதை எடுத்துட்டா எனக்கு அந்த கேமே வேண்டாமுங்க மாமா. மத்த பதினோரு வீடும் அதுக்குப் போறதுக்கு வழி, அவ்வளவுதான். மூணு வருஷமும் அந்த ஒரு வாசலுக்குத்தான் செஞ்சேன்."

"செஞ்சியே, சரியாச் செஞ்சியா? ஊருக்கே தெரியும் நான் கதவை உடைச்சது. உன்ற கல்யாணப் பேச்சுக்கு வந்தவங்ககிட்டக்கூடச் சொல்லியிருக்கேன். நீ என்னடான்னா ஒருத்தனும் வராத மாதிரி வரைஞ்சு வெச்சிருக்கறே. ஒரு கடப்பாரையைப் போட்டிருக்கலாமே."

"போட்டர்லாமுங்க" என்றாள். பையிலிருந்து ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்தாள். நிஜமாகவே வரையப் போகிறாள் என்று நினைத்தேன். "கதவு எந்தப் பக்கம் விழுந்துச்சுங்க? உள்ளயா, வெளியயா?"

"வெளியிருந்து குத்துனா உள்ளதான விழும். படிச்ச புள்ளை கேக்கற கேள்வியா இது?"

"நான் கதவுக்குப் பின்னாலதான் நிப்பேன் மாமா. எப்பவும். தாழ்ப்பாளுக்கு நேரா, இவ்வளவு கிட்ட." கையை முகத்துக்கு முன்னால் வைத்துக் காட்டினாள். "யாராவது தட்டுனா உடனே திறக்கலாம்னு. ஏழு வயசுல எனக்குத் தாழ்ப்பாள் எட்டாது. ஸ்டூல் போட்டு வெச்சிருப்பேன்." பென்சிலைக் கீழே வைத்தாள். "கதவு என்ற மேல விழலீங்களே."

பாக்கியம் டீ கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை போட்டாளா இல்லையா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பெரியவர்கள் பேச்சில் குறுக்குக் கேள்வி கேட்கிற பழக்கம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. டெய்லர் கடையில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். டெய்லர் கடை பூட்டியிருந்தது. அங்கேயே ஒரு மணி நேரம் நின்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

மகளை அடக்கி வை என்று சொல்வதற்காக ரங்கநாயகி வீட்டுக்குப் போனேன். வாணி ஊரில் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் போனேன். இரண்டாவது மாடி. பெல் கெட்டிருந்தது. மூன்று வருஷம் உட்கார்ந்து பிசாசு செய்கிறவளுக்கு ஒரு பெல் மாட்ட நேரமில்லை.

தட்டினேன். திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "அந்தம்மாவுக்கு ஒரு காது சுத்தமாக் கேக்காதுங்க. நல்லாப் பலமாத் தட்டுங்க" என்றார்.

எனக்கே பாடம் சொல்கிறார். அவள் இடது காது மில் சத்தத்தில் போனது. அவள் மில்லில் வேலை பார்த்தது எட்டு மாதம்தான், அதுவும் நூல் சுருட்டுகிற டிபார்ட்மெண்டில், அங்கே சத்தம் குறைவு. இருந்தாலும் மில் சத்தம் மில் சத்தம்தான். நான் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

உள்ளங்கையால் அடித்தேன். கதவு அதிர்ந்தது. இத்தனை வருஷத்தில் அவள் வீட்டுக் கதவை நான் தட்டியது இதுதான் முதல் தடவை என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது. தேவையில்லாத நினைப்பு.

திறந்தாள். "வாங்ணா. ரொம்ப நேரமா நிக்கறீங்களா?"

உட்கார்ந்ததும் பொரிந்துவிட்டேன். "உன்ற மக செஞ்சதைப் பாத்தியா நீயி? மானம் போகுது. நாலு பேர் காசு குடுத்து உன்னை அடிக்கறதைக் கேக்கப் போறான்."

வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டாள். "பாத்தனுங்ணா. என்னைக் கேட்டுட்டுத்தான் செஞ்சா. எனக்கு விளையாடத் தெரியல. சும்மா கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ரேடியோ நல்லாக் கேட்டுச்சு."

"அந்த ரேடியோவைத்தான் எடுக்கச் சொல்றேன்."

"ஏனுங்ணா?" என்றாள். நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "எனக்கு அந்த வசனமெல்லாம் மனப்பாடமுங்க. எந்தெந்த ஞாயித்துக்கெழம என்னென்ன படமுன்னு இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். கீழ கெடக்கறப்ப உங்க ரேடியோவைத்தான் கேட்டுக்கிட்டிருப்பேன். அண்ணன் பக்கத்துலதான் இருக்குதுன்னு தெரியுமுல்ல."

தட்டில் நிலக்கடலை வைத்துக் கொடுத்தாள். வறுத்தது கொஞ்சம் அதிகம். எல்லாவற்றையும் தின்றேன்.

இறங்கி வரும்போது எதிர்வீட்டு அம்மாள், "திறந்துட்டாங்களா?" என்று கேட்டார். திறந்துவிட்டாள் என்றேன்.

ஜூன் 9, திங்கள்

காலை ஏழு மணிக்கே பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தக் கம்பெனிக்காரர்களுக்குக் கொஞ்சமாவது புத்தி வேண்டாமா? 'ரத்தம்' என்று ஒரு கட்டம், 'ஆயுதம்' என்று ஒரு கட்டம், 'கெட்ட வார்த்தை' என்று ஒரு கட்டம். ஏழாம் வீட்டுக்கு மூன்றிலும் 'இல்லை' என்றுதான் போட வேண்டியிருக்கிறது. தலை தலையாக உருளுகிற வீட்டுக்கெல்லாம் மூன்றுக்கு மூன்று, இதற்குப் பூஜ்யம். இந்தக் கணக்கைப் போட்டவனைக் கூப்பிட்டு அந்த வாசலில் பதினொரு நிமிஷம் நிற்க வைக்க வேண்டும்.

'காரணம்' எழுத இரண்டே வரி இடம். ஒரு மனுஷன் காரணம் எழுத இரண்டு வரி போதுமா?

பாக்கியம் பக்கத்தில் வந்து நின்றாள். "என்ன எழுதப் போறீங்க?"

"சென்சார் ரகசியம்" என்றேன்.

"அன்னைக்கு அந்தச் சத்தம் கேட்டு நான் எந்திரிச்சேனுங்க" என்றாள். "நீங்க கையப் புடிச்சு உக்கார வெச்சீங்க. அதையும் எழுதுங்க." கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முப்பது வருஷத்தில் அவள் இதைப் பேசியது இல்லை.

மூன்று பக்கப் புகாரைக் கிழித்தேன். 'நீக்கவும்' என்பதை அடித்துவிட்டு 'இருக்கட்டும்' என்பதில் டிக் போட்டேன். காரணம்: 'ரேடியோ சரியாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்கலாம்.' இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது.

பதினோரு மணி பஸ்ஸில் போய் நிவேதா கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, "எழுத்து தெளிவா இல்லைன்னு சொன்னீங்களே சார், 'கதவைத் தட்டவும்'னு மாத்தச் சொல்லவா?" என்று கேட்டது.

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

இந்த நோட்டில் ஒரு திருத்தம் மட்டும் பாக்கி. ஜூன் 4-ஆம் தேதி எழுதியதில் லைன் உண்மை, ஞாயிற்றுக்கிழமை உண்மை, சுவர் உண்மை. கைத்தழும்பு ரீல் சுற்றுகிற மிஷினில் பட்டது, அது போகட்டும். கடப்பாரை எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இரவல் வாங்கவும் இல்லை. அந்தப் பச்சைக் கதவு, லைனை இடிக்கும் வரை, முழுசாகத்தான் இருந்தது. நான் அதைத் தட்டவில்லை.